பால் கெடாவில், வரி எங்கே?

பால் வெட்டியது கெடாவில். லாபம் எண்ணியது லண்டனில். அந்த லாபத்திற்கு வரி வாங்கியது யார்?

கூலிம், பீடோங், குரூண், சுங்கைப் பட்டாணி, பாடாங் செராய், பாலிங் என்று தோட்டங்களின் பெயரைச் சொன்னாலே லயம், பெரட்டுக் களம், கள்ளுக்கடை, தமிழ்ப்பள்ளி எல்லாம் நம்மவர் கண்முன் வந்து நிற்கும். வராதது ஒன்று உண்டு. அதுதான் கம்பெனியின் கணக்குப் புத்தகம். தொழிலாளியின் செக்ரோல் கணக்கு தோட்டத்து ஆபீசில் இருந்தது. கம்பெனியின் லாபக் கணக்கோ கடல் கடந்து இருந்தது. எந்த நாட்டில் எவ்வளவு வரி என்பதை அந்தப் புத்தகம்தான் தீர்மானித்தது. அன்று ரப்பருக்கு நடந்தது, இன்று கூலிம் தொழிற்பேட்டையின் சில்லுகளுக்கும் சூரிய ஒளித் தகடுகளுக்கும் நடக்கிறது.

எசமான் எங்கே, வரி அங்கே

1909ஆம் ஆண்டு பாங்காக் ஒப்பந்தத்தின்படி கெடா, சயாமின் பிடியிலிருந்து பிரிட்டிஷாரின் பாதுகாப்பின்கீழ் வந்தது. அடுத்த ஆண்டே ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டது. 1910இல் லண்டன் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டி விற்றது. பங்கு வாங்க ஆட்கள் அலைமோதினார்கள். காடு அழிந்தது, பால்மரம் முளைத்தது, தமிழ்நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்கினார்கள்.

பல தோட்டக் கம்பெனிகள் லண்டனில் பதிவானவை. அவற்றின் இயக்குநர்கள் அங்கேதான் கூடினார்கள். தோட்டத்தை ஓட்டியது ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்ட், கத்ரி, பூஸ்டெட், சைம் டார்பி போன்ற ஏஜென்சி நிறுவனங்கள். 1906ஆம் ஆண்டிலேயே பிரிட்டனின் பிரபுக்கள் சபை ஒரு முக்கியத் தீர்ப்பு சொல்லியிருந்தது. தென்னாப்பிரிக்காவில் பதிவாகி, தென்னாப்பிரிக்காவிலேயே வைரம் தோண்டிய டி பியர்ஸ் கம்பெனியின் வழக்கு அது. முக்கிய முடிவுகள் லண்டனில் எடுக்கப்படுவதால், அந்தக் கம்பெனி வரிக் கண்ணோட்டத்தில் லண்டன்வாசிதான் என்றது தீர்ப்பு. வைரத்திற்குச் சொன்னது ரப்பருக்கும் பொருந்தியது. மண் எங்கே என்பதல்ல, எசமான் எங்கே என்பதே கேள்வி.

இந்தப் பக்கம் கெடாவில் என்ன நிலைமை? வருமான வரி என்ற ஒன்றே இல்லை. அரசாங்கக் கஜானாவுக்கு வந்தவை நிலவரி, ரப்பர் ஏற்றுமதி வரி, சுங்க வரி, அபினி, கள், சாராயம், புகையிலை மூலம் கிடைத்த பணம். இதை ஒரு கணம் நிறுத்தி யோசிக்க வேண்டும். கம்பெனியின் லாபத்திற்கு இங்கே வரி இல்லை. ஆனால், நாளெல்லாம் உழைத்துவிட்டுக் கள்ளுக்கடைக்குப் போன தோட்டத் தொழிலாளி, தன்னை அறியாமலேயே வரி செலுத்திக்கொண்டிருந்தார்!

யாருக்குக் கிடைத்த சலுகை?

கெடாவில் வருமான வரி இல்லாததால் கம்பெனிக்குத்தானே லாபம் என்று தோன்றும். கணக்கைப் போட்டுப் பார்த்தால் கதை வேறு.

1919ஆம் ஆண்டில் பிரிட்டனின் வருமான வரி, பவுனுக்கு 6 ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுன் என்பதால், நூற்றுக்கு 30. கெடாத் தோட்டத்தில் 100 பவுன் லாபம் சம்பாதித்த லண்டன் கம்பெனி, அங்கே 30 பவுன் கட்டியது. கெடாவில் வருமான வரி இருந்திருந்தால், பேரரசின் நாடுகளில் கட்டிய வரிக்கு லண்டன் ஓரளவு கழிவு கொடுத்திருக்கும். 1916ஆம் ஆண்டு முதலே அப்படி ஒரு ஏற்பாடு இருந்தது. ஆனால் இங்கே வரியே இல்லை. கழிவு கேட்க எதுவும் இல்லை. ஆக, இங்கே விட்டுக்கொடுத்த வரியில் ஒரு பங்கு கம்பெனியின் பைக்குப் போகவில்லை. பிரிட்டிஷ் கஜானாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

பீடோங் வட்டாரத்து ஹார்வார்ட் தோட்டத்தின் கதை இன்னொரு திசையில் ஓடியது. அதன் உரிமை அமெரிக்காவின் யுனைடெட் ஸ்டேட்ஸ் ரப்பர் கம்பெனியின் கிளை நிறுவனத்திடம் இருந்தது. டயர் செய்கிறவரே தோட்டமும் வைத்திருந்தார். அமெரிக்கா 1918ஆம் ஆண்டு வருவாய்ச் சட்டத்திலேயே, அந்நிய நாட்டில் கட்டிய வருமான வரியைச் சொந்த நாட்டு வரியிலிருந்து கழித்துக்கொள்ள வழி செய்துவிட்டது. உலகிலேயே இதில் அது முன்னோடி.

ஒரே கம்பெனி தோட்டத்தையும் தொழிற்சாலையையும் வைத்திருந்தால் இன்னொரு கேள்வி எழும். தோட்டத்திலிருந்து தொழிற்சாலைக்குப் போகும் ரப்பருக்கு என்ன விலை போடுவது? விலையைக் குறைத்தால் தோட்டத்து லாபம் குறையும். ஏற்றினால் தொழிற்சாலையின் லாபம் குறையும். அம்மாவும் மகளும் தங்களுக்குள் பேசி முடிக்கும் விலைதானே! அதனால்தான், அந்நியருக்கு விற்றால் என்ன விலையோ அதே விலைதான் உறவுக்குள்ளும் என்ற விதியை நாடுகள் வகுத்தன. இன்றுவரை பன்னாட்டு நிறுவனங்களுக்கும் வரி அதிகாரிகளுக்கும் நடக்கும் பெரிய வழக்குகளில் பல, இந்த விலையைப் பற்றியவைதான்.

1947: இரண்டு நிகழ்ச்சிகள்

போர் முடிந்து பிரிட்டிஷார் திரும்பி வந்தபோது மலாயா நொறுங்கிக் கிடந்தது. அரசாங்கத்துக்குப் பணம் வேண்டும். ஹீஸ்மன் என்ற வரி அதிகாரி ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். வணிகச் சங்கங்கள் எதிர்த்தன. ஆலோசனை மன்றத்திலும் எதிர்ப்பு எழுந்தது. இருந்தும் 1947இல் வருமான வரிச் சட்டம் நிறைவேறி, 1948 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. கம்பெனிகளுக்கு நூற்றுக்கு 20.

அதே காலத்தில்தான் ஹார்வார்ட் தோட்டத்தில் இன்னொரு தீ மூண்டது. ஏ.எம்.சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளை ஒழிப்போம் என்று இளைஞர்கள் அணிவகுத்தார்கள். கெடாத் தோட்டங்கள் பலவற்றுக்கு அது பரவியது. 1947இல் பீடோங் வட்டாரத்தில் போலீசாரோடு மோதல் நடந்தது, கைதுகள் நடந்தன, உயிரிழப்பும் நேர்ந்தது.

வரலாற்று நூல்களில் இவை இரண்டும் வெவ்வேறு அத்தியாயங்கள். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று, கம்பெனி லாபத்திற்கு வரி வந்த கதை. மற்றொன்று, தொழிலாளியின் கூலியைக் கரைத்த கள்ளுக்கடையை மூடச் சொன்ன கதை. அரசாங்கம் யாரிடமிருந்து பணம் வாங்குகிறது என்ற கேள்விதான் இரண்டுக்கும் அடியில் ஓடுகிறது.

புதிய வரியால் கம்பெனிகள் நொடித்துப் போனதா? மறுபடியும் கணக்குக்கு வருவோம். அப்போது பிரிட்டனில் பவுனுக்கு 9 ஷில்லிங், அதாவது நூற்றுக்கு 45. இரட்டை வரி நிவாரண ஏற்பாடு வந்த பிறகு, 100 பவுன் லாபத்தில் மலாயாவுக்கு 20, பிரிட்டனுக்கு மிச்சம் 25, ஆக மொத்தம் அதே 45. கம்பெனியின் சுமை ஏறவில்லை. லண்டனுக்குப் போன பணத்தில் ஒரு பங்கு கோலாலம்பூருக்குத் திரும்பியது, அவ்வளவுதான்! இத்தனை காலம் வரி வேண்டாம் என்று வாதாடியது லண்டன் கம்பெனிகளைப் பொறுத்தவரை யாருக்கு நன்மை செய்தது என்பது இந்தக் கணக்கில் தெரிந்துவிடுகிறது.

புத்தகம் இடம் மாறியது

சுதந்திரத்திற்குப் பிறகு கணக்குப் புத்தகமும் மெல்ல மெல்ல இடம் மாறியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, துன் வீ.தி.சம்பந்தன் முயற்சியில் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில் அது வாங்கிய முதல் தோட்டம், நம் கெடாவின் புக்கிட் சீடிம். லாபத்தைப் பிரிக்கும் கூட்டம் முதன்முறையாகத் தோட்டத்து மக்களுக்குப் புரியும் மொழியில் நடந்தது.

பெரிய கம்பெனிகளின் திருப்பம் பிறகு வந்தது. சைம் டார்பி 1970களின் இறுதியில் மலேசியக் கம்பெனியாக மாறியது. 1981 செப்டம்பர் 7ஆம் நாள் காலையில், லண்டன் பங்குச் சந்தை திறந்த சில மணி நேரத்தில், கத்ரியின் கட்டுப்பாடு பெர்மோடாலான் நேஷனல் கைக்கு வந்தது. ஹாரிசன்ஸ் தோட்டங்களும் 1982இல் மலேசியக் கம்பெனியின்கீழ் வந்தன. 2007இல் இவையெல்லாம் ஒன்றாக இணைந்தன. அந்தத் தோட்டப் பிரிவு 2024 முதல் எஸ்டி கத்ரி என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது.

கூலிமின் புதிய தோட்டம்

பால்மரங்கள் சூழ்ந்திருந்த கூலிம் வட்டாரத்தில் 1996இல் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. அமெரிக்காவின் இன்டெல், ஜெர்மனியின் இன்ஃபினியான், அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் சோலார் என்று பன்னாட்டு நிறுவனங்கள் வந்தன. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் பால்வாளியைத் தொடாமல் தொழிற்சாலைச் சீருடைக்கு மாறினார்கள். இதை யாரும் குறைத்துப் பேச முடியாது.

இவர்களை வரவழைத்த பல காரணங்களில் ஒன்று வரி விடுமுறை. 1958ஆம் ஆண்டு முன்னோடித் தொழில் சட்டத்தில் தொடங்கி, 1986ஆம் ஆண்டு முதலீட்டு ஊக்குவிப்புச் சட்டம் வரை இதற்குத் தொடர்ச்சி உண்டு. ஃபர்ஸ்ட் சோலார் தன் ஆண்டறிக்கைகளில், மலேசியாவில் கிடைக்கும் வருமானத்தின் பெரும்பகுதிக்கு நிபந்தனைகளோடு 2027 வரை வரி விலக்கு உண்டு என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. இது சட்டப்படி கொடுக்கப்பட்டது. ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

ஆனால் பழைய கேள்வி திரும்பி வந்துவிட்டது. இங்கே விட்டுக்கொடுத்த வரியை வேறு நாடு வாங்கிக்கொண்டால்? 1961இல் பிரிட்டன் இதற்கு ஒரு வழி செய்தது. வளரும் நாடு விட்டுக்கொடுத்த வரியைக் கட்டியதாகவே கருதிக் கழிவு தரலாம் என்றது. அமெரிக்கா அதை ஏற்கவில்லை. அமெரிக்காவுக்கும் மலேசியாவுக்கும் இடையே முழுமையான இரட்டை வரி ஒப்பந்தம் இன்றளவும் இல்லை.

இப்போது உலக நாடுகள் பல சேர்ந்து குறைந்தபட்ச வரி ஒன்றை வகுத்துள்ளன. ஆண்டுக்கு 75 கோடி யூரோ வருமானம் உள்ள பன்னாட்டுக் குழுமம், ஒவ்வொரு நாட்டிலும் குறைந்தது நூற்றுக்கு 15 வரி கட்ட வேண்டும். சம்பளத்திற்கும் இயந்திரத்திற்கும் ஓரளவு கழிவு உண்டு. ஒரு நாடு வாங்காமல் விட்டால், மிச்சத்தை வேறு நாடு வாங்க விதி இடம் தருகிறது. அதனால்தான் மலேசியா 2025 ஜனவரி 1 முதல் உள்நாட்டு மேல்வரியைக் கொண்டுவந்தது. வேறொருவர் எடுப்பதற்கு முன் நாமே எடுத்துக்கொள்வோம் என்பதே அதன் பொருள். 1948இல் கற்ற பாடம்தான் இது!

கணக்கைப் படிப்பது எப்படி?

சேமநிதியோ யூனிட் டிரஸ்டோ வழியாக இன்று நம்மில் பலர் இக்கம்பெனிகளின் மறைமுகப் பங்குதாரர்கள். ஆண்டறிக்கையில் 'வருமான வரி' என்ற குறிப்பைத் தேடிப் பார்க்கலாம். அதில் மூன்று விஷயம் இருக்கும்.

முதலாவது, இந்த ஆண்டுக்கான வரி. இரண்டாவது, ஒத்திவைத்த வரி. பழைய மரத்தை வெட்டி மறுநடவு செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வரிச் சட்டம் அந்தச் செலவை உடனே கழிக்க விடுகிறது. கம்பெனிக் கணக்கோ அதைச் சொத்தாக வைத்து, மரம் பயன் தரும் ஆண்டுகளில் பிரித்துக் கழிக்கிறது. அதனால் இன்று வரி குறையும், நாளை கூடும். நாளைய வரியை இன்றே கடனாக எழுதி வைப்பதுதான் ஒத்திவைத்த வரி. மூன்றாவது, ஒப்பீட்டு அட்டவணை. மலேசியாவின் பொது விகிதம் நூற்றுக்கு 24 என்றால், இந்தக் கம்பெனி ஏன் அதற்குக் குறைவாகவோ கூடுதலாகவோ கட்டியது என்பதற்குக் காரணம் அங்கேதான் எழுதியிருக்கும். வரி விடுமுறை, அந்நிய நாட்டு விகிதம் எல்லாம் அங்கே வெளிச்சத்துக்கு வரும்.

எந்த நாட்டில் எவ்வளவு கட்டினார்கள் என்ற விவரம் நீண்ட காலம் பொதுமக்களுக்குக் கிடைக்கவில்லை. பன்னாட்டுக் குழுமங்கள் நாடுவாரியாகக் கொடுக்கும் அறிக்கையை வரி வாரியங்கள் மட்டுமே பார்க்கும். ஆனால் அமெரிக்கப் பங்குச் சந்தைக் கம்பெனிகள், 2025ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து, முக்கிய நாடுகளில் கட்டிய வருமான வரியைப் பெயர் சொல்லிக் காட்ட வேண்டும் என்று புதிய கணக்கியல் விதி சொல்கிறது.

கெடாக்காரர்களுக்கு ஒரு செய்தி மிச்சம் இருக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின்படி வருமான வரி மத்திய அரசாங்கத்துக்கு உரியது. மாநிலத்துக்கு உரியது நிலவரி போன்றவைதான். கூலிமில் கட்டப்படும் வருமான வரி, லண்டனுக்குப் போகாவிட்டாலும், அலோர் ஸ்டாருக்கும் போவதில்லை. அது புத்ராஜெயாவுக்குப் போய், பட்ஜெட் வழியாகத்தான் திரும்ப வர வேண்டும். பழைய தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு எவ்வளவு வந்தது, சாலைக்கு எவ்வளவு வந்தது என்று கேட்கிறவர், நூறாண்டுப் பழைய அந்தக் கணக்குப் புத்தகத்தின் அடுத்த பக்கத்தைத்தான் புரட்டுகிறார்.