பிடித்தம் போனது, பாரம் போகவில்லை

மலாயாவில் வருமான வரி 1948 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. பிறகு நெடுங்காலம் பாரத்தை நிரப்பி அனுப்புவதோடு மக்களின் வேலை முடிந்தது. கணக்குப் போட்டு வரியைச் சொன்னது இலாகா. 1995-இல் சம்பளத்திலேயே மாதாந்திர வரிப் பிடித்தம் வந்தது. ஜொகூர், பாசிர் கூடாங் தொழிற்சாலை ஊழியரின் சம்பளச் சீட்டிலும் அந்த வரி ஏறியது.

2004-இல் சுயமதிப்பீடு. கணக்கு இப்போது ஊழியரின் தலையில்! காப்புறுதி, புத்தகம், பெற்றோர் மருத்துவச் செலவு ஆகியவற்றின் ரசீதுகளை ஏழு ஆண்டுகள் காக்க வேண்டும். பிஸ்கட் டின்னுக்கு வேலை வந்தது. சம்பளக்காரர்களுக்குக் கெடு ஏப்ரல் 30, தாமதித்தால் அபராதம். 2006-இல் மின்னியல் தாக்கல் வந்தது.

2014 மதிப்பீட்டு ஆண்டு முதல், முறையாகப் பிடித்தம் செய்யப்பட்டவர்கள் சில நிபந்தனைகளோடு பாரம் அனுப்பாமலே இருக்கலாம். வசதிதான். ஆனால் முதலாளியிடம் காட்டாத கழிவுகளுக்கான பணம், பாரம் அனுப்பாதவருக்குத் திரும்புவதில்லை.