படைக்கலம் சொல்லும் கதை – 14: ஓரியின் ஒற்றை அம்பு

கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை கொல்லிமலை. அவன் ஆடிய வேட்டை ஒன்றை வன்பரணர் பாடியிருக்கிறார். புறநானூற்றின் 152ஆவது பாடல் அது. வில்லிலிருந்து புறப்பட்ட ஒரே அம்பு யானையைச் சாய்க்கிறது; புலியைக் கொல்கிறது; மானை உருட்டிக் காட்டுப்பன்றியை வீழ்த்துகிறது; கடைசியில் புற்றருகே கிடந்த உடும்பின் உடலில் தைத்து நிற்கிறது. எய்தவன் யாரென்று அறியாமலேயே பாணர் கூட்டம் அவன்முன் பாடத் தொடங்குகிறது. பாட்டில் தன் பெயர் வரக் கேட்டு நாணுகிறான் அந்த வேட்டுவன். பிறகு மான்கறியோடு பொன்னும் மணியும் சேர்த்து அள்ளிக் கொடுக்கிறான்.

பாட்டில் உயர்வு நவிற்சி உண்டுதான். ஆனால் புலவர் எதை உயர்த்திப் பாடினார் என்று பாருங்கள். அம்புகளின் எண்ணிக்கையை அல்ல, ஓர் அம்பின் வலுவை!

நம் திரைப்படங்கள் வேறு வழியில் போயின. 1957இல் வந்த ‘மாயாபஜார்’ படத்தில் அம்புகள் நடுவானில் எதிர்கொண்டு மோதின. 2017இல் வெளியான ‘பாகுபலி’ இரண்டாம் பாகத்தில் ஒரே நாணிலிருந்து மூன்று அம்புகள் பாய்ந்தன. பார்க்கப் பரவசம்தான். ஆனால் மூன்று அம்புகளை ஒன்றாகத் தொடுத்தால் வில்லின் விசையும் மூன்றாகப் பங்கு பிரிந்துவிடும். பெருவிலங்கின் தோலைத் துளைக்கக் கனத்த ஒற்றை அம்பு வேண்டும். அதைச் செலுத்த எளிதில் வளையாத வில் வேண்டும். அதை வளைக்க, சிறுவயது முதல் பழகிப் பழகி உரமேறிய தோள் வேண்டும்.

அந்த வலு எவ்வளவு இருந்திருக்கும்? சங்ககால வில் எதுவும் இன்று நம் கையில் இல்லை. மரமும் மூங்கிலும் மண்ணில் மக்கிவிடும். இங்கிலாந்தில் ஒரு சான்று கிடைத்தது. 1545இல் கடலில் மூழ்கிய ‘மேரி ரோஸ்’ என்ற போர்க்கப்பலுக்குள் 100க்கும் மேற்பட்ட விற்கள் கெடாமல் கிடந்தன. கப்பலின் உடற்பகுதி 1982இல் மேலே கொண்டுவரப்பட்டது. அந்த விற்களில் பலவற்றை முழுதாக இழுக்க 45 முதல் 80 கிலோ வரை எடை தூக்கும் வலு தேவைப்பட்டிருக்கும் என்று கணித்தார்கள். இன்றைய ஒலிம்பிக் வில்லாளிகள் இழுப்பது ஏறத்தாழ 20 கிலோ. நாணைக் காதுவரை இழுத்துப் பிடித்தபடி நாயகன் நீளமாக வசனம் பேசும் காட்சி போர்வில்லுக்குப் பொருந்தவே பொருந்தாது. இழுத்த கணத்தில் விட்டாக வேண்டும்; தாமதித்தால் தோள் நடுங்கும், குறி தவறும்.

கவசமும் அப்படித்தான். நம் பழைய மன்னர்களின் மார்பில் ரோமானியப் பாணி உலோகத் தகடுகளைத் திரை மாட்டிவிடுகிறது. செங்கம் வட்டாரத்தில் கிடைத்த பல்லவர் கால நடுகற்களைப் பாருங்கள். இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள், எதிரியை நோக்கிப் பாயும் உடல். சில கற்களில் வீரனின் உடலில் தைத்த அம்புகளையும் சிற்பி செதுக்கியிருக்கிறார். ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்த இரும்பு ஆயுதங்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. கலை இயக்குநருக்கு வேண்டிய மாதிரிகள் நம் மண்ணிலேயே இருக்கின்றன.

திரை பெரும்பாலும் தவறவிடும் இன்னொன்று, போருக்குப் பிந்தைய ஊர். ஓரியை மலையமான் திருமுடிக்காரி கொன்று, கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான். ஓரியின் பெருந்தெருவில் காரி நுழைந்தபோது எழுந்த பேரிரைச்சலை நற்றிணையில் கபிலர் உவமையாக எடுத்தாள்கிறார். வென்றவனின் கொடியைவிடத் தோற்ற ஊரின் கூக்குரலே அவர் நினைவில் நின்றிருக்கிறது.

ஆண்டுதோறும் ஆடி 17, 18 நாட்களில் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழாவை அரசு நடத்துகிறது. அதில் வில்வித்தைப் போட்டியும் உண்டு. ஓரியைத் திரைக்குக் கொண்டுவர விரும்பும் இயக்குநர் அங்கே ஒருமுறை வந்து, நடிகரின் கையில் உண்மையான வில்லைக் கொடுத்து இழுக்கச் சொல்லட்டும். அந்தத் தோளின் வேதனையைப் படமாக்கினாலே போதும். வன்பரணர் ஏன் வியந்தார் என்பது பார்ப்பவருக்குப் புரிந்துவிடும்.

(தொடரும்)

அடுத்த இதழில்: அதியமானின் தூதராகச் சென்ற ஔவையார், தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் கண்டது என்ன?