கடலரிப்பால் இடம்பெயர்ந்த இளையோரின் உளநலம் (விழிஞ்ஞம் கடலோரம்)

திருவனந்தபுரம் கரையில் வீடிழந்து மறுகுடியேறும் மீனவ இளையோரின் மனநிலை, ஆளுமை வளர்ச்சி பற்றிய ஆய்வுப்பொருள் இது. 1951 அகதிகள் உடன்படிக்கையின்படி இவர்கள் அகதிகள் அல்லர்; ஆனால் வீடிழந்த இழப்பு இருவருக்கும் ஒன்றுதான். வீட்டைக் கடல் கொண்டபின் இக்கரையிலுள்ள வலியதுறையின் பல குடும்பங்கள் சிமென்ட் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் தங்கின. படிக்கவோ தனித்திருக்கவோ இடமில்லாத அந்த வாழ்வில்தான் பிள்ளைகள் வளர்ந்தார்கள். இதோடு, 2017 ஒக்கி புயல் இதே கரையின் பூந்துறை, விழிஞ்ஞம் மீனவர்களைக் காவுகொண்டது. 2022 விழிஞ்ஞம் துறைமுக எதிர்ப்புப் போராட்டத்தில் வீடிழந்தோரின் மறுவாழ்வும் முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்று.

உளவியலாளர்கள் டெடெஸ்கி, கால்ஹூன் 1996இல் வெளியிட்ட 21 கூற்றுகள் கொண்ட அளவுகோல், துயருக்குப் பிந்தைய வளர்ச்சியைத் தனிமனிதரிடம் அளக்கிறது. ஊரே சேர்ந்து இழந்த இடத்தில் அது போதாது. ஈழப் போர் அனுபவத்திலிருந்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் விளக்கிய கூட்டு உளக்காயம் என்ற கருத்தே இக்கரைக்கு மேலும் பொருந்தும்.