சதங்கை கட்டிய பிள்ளைகள்

முதலிபாளையத்தில் பள்ளி ஆண்டு விழா என்றால், பனியன் கம்பெனிக்காரர்கள் பலர் அன்று மாலை அரை நாள் லீவு போட்டுவிடுவார்கள். நானும் ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் 88 வயது அம்மிச்சி. மூத்த மகள் அலாரிப்பு ஆட மேடையேறினாள். நான் செல்போனை உயர்த்திய சமயம், அம்மிச்சி காதருகே குனிந்தாள்.

“ஏங்கண்ணு, அந்தக் காலத்துல நம்மூட்டுப் புள்ள சதங்கை கட்டுச்சுன்னா, பொண்ணு கேட்டு ஒருத்தன் வாசப்படி ஏறுவானா?”

கிழவி பொய் சொல்லவில்லை. அன்று அந்த ஆட்டத்தின் பெயர் சதிர். ஆடியவர்கள் கோயிலுக்குப் பொட்டுக் கட்டப்பட்ட பெண்கள். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் கச்சேரி முறையை 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒழுங்குபடுத்தியவர்கள் தஞ்சை நால்வர். அதை உடம்பில் ஏந்திக் காத்தவர்கள் அந்தப் பெண்கள்தாம்.

1932-இன் இறுதியில், பொப்பிலி ராஜாவுக்கு நடந்த வரவேற்பில் சதிர் ஆடப்பட்டதை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பத்திரிகையில் கண்டித்தார். பொட்டுக் கட்டும் வழக்கத்தின் கொடுமையை அறிந்தவர் அவர். அவருடைய தாயாரே அந்தக் குலத்தில் பிறந்தவர். வழக்கத்தை ஒழியுங்கள், கலையை ஒழிக்காதீர்கள் என்று எதிர்வாதம் செய்தார் வக்கீல் இ. கிருஷ்ணய்யர். இந்த வாதப் பிரதிவாதங்களை அடுத்து, சென்னை மியூசிக் அகாதமி ‘பரதநாட்டியம்’ என்ற பெயருக்குக் கௌரவம் தந்தது. 1935-இல் அடையாற்றில் ருக்மிணி தேவி ஆடினார். குடும்பப் பெண்களுக்கு வாசல் திறந்தது. 1947-இல் பொட்டுக் கட்டுவதைச் சட்டம் தடுத்தது.

இருவருமே வென்றார்கள் என்று சொல்லலாம். ஆனால் ஆடிக்கொண்டிருந்தவர்கள்? மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் ஆடிய கௌரி அம்மாள், ருக்மிணி தேவிக்கும் பாலசரஸ்வதிக்கும் கற்றுக் கொடுத்தவர். நம் பிள்ளைகள் மேடையேற ஏற, அவரைப் போன்றவர்களின் வீட்டுப் பெண்கள் மேடையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவமானம் அவர்களோடு போயிற்று. கலை நம்மிடம் வந்தது.

அடுத்த நிகழ்ச்சி வள்ளி கும்மி. வட்டத்தில் என் இளைய மகள். இது நம் கொங்கு நாட்டுச் சொத்து. வள்ளியை முருகன் மணந்த கதை. ஆண்களே ஆடிவந்த இந்த வட்டத்துக்குள் பெண்களையும் சேர்த்துப் பழக்கினார், மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்திரப்பன். 2024-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பெண்கள் உள்ளே வந்தார்கள். அதற்காக யாரும் வெளியே போக வேண்டியிருக்கவில்லை. வட்டம் பெரிதாயிற்று, அவ்வளவுதான். சதிருக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை.

கும்மி வேகமெடுத்ததும் அம்மிச்சி உட்கார்ந்த இடத்திலேயே கை தட்ட ஆரம்பித்துவிட்டாள்.

இரவு சதங்கையை அவிழ்த்துக்கொண்டிருந்த மூத்தவளிடம் கௌரி அம்மாளின் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, “அப்பா, கோயில்ல ஆடினவங்க வீட்டுப் பிள்ளைங்களும் எங்களை மாதிரி ஆடினாங்களா?” என்றாள்.

“பாலசரஸ்வதியின் மகள் ஆடினார். பேரனும் ஆடுகிறார்” என்றேன்.

“மத்தவங்க?”

சதங்கையை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தேன். அன்று அது கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது.