அம்மாச்சியின் மச்சம்

புனேயில் எங்கள் குடியிருப்பில் பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு அலைகிறவன் நான் ஒருவன்தான். அதனால் சீமந்தம், காதுகுத்து, கொலு என்று எது நடந்தாலும் கூப்பிடுவார்கள். சாப்பாடு முடிந்து வெற்றிலை போடுகிற நேரத்தில் யாராவது ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்பார். "ஊர்லேர்ந்து பழைய படமெல்லாம் எடுத்துட்டு வந்திருக்கோம் சார். எந்த சாஃப்ட்வேர் போட்டா நல்லா வரும்?"

முன்பெல்லாம் டக்கென்று ஒரு பெயரைச் சொல்லிவிடுவேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை. காரணம் ஒரு மச்சம்.

2006ல் ஊருக்குப் போயிருந்தபோது அம்மாச்சியின் படத்தைக் கொண்டுவந்தேன். அம்மாவைப் பெற்றவர். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து அங்கேயே போய்ச் சேர்ந்தவர். வாழ்நாளில் அவர் எடுத்துக்கொண்டது அந்த ஒரே படம்தான். தபால் அட்டை அளவு, கறுப்பு வெள்ளை, நடுவில் ஒரு மடிப்பு, அங்கங்கே பூஞ்சை. படமெடுத்த ஸ்டூடியோவே இல்லாமல் போய்விட்டதால் நெகட்டிவ் பற்றிப் பேச்சே இல்லை. இங்கே ஒரு பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் செய்து வாங்கி, இரண்டு ராத்திரி கண்விழித்து வேலை பார்த்தேன். மடிப்பை எடுத்தேன், பூஞ்சைப் புள்ளிகளை ஒவ்வொன்றாக அழித்தேன், முகத்தைப் பளிச்சென்று ஆக்கினேன். பிரிண்ட் போட்டு ஃப்ரேம் மாட்டிச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பியாயிற்று. "அப்படியே எதிர்ல உக்காந்திருக்கற மாதிரியே இருக்கு" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூலப் படம் பத்திரமாக ஊரில் டிரங்குப் பெட்டிக்குத் திரும்பிப் போனது.

2018 நவம்பரில் கஜா புயல். வீட்டு ஓடுகள் பறந்து, டிரங்குப் பெட்டி இரவு முழுக்க நனைந்தது. படம் கூழாகிவிட்டது. பரவாயில்லை, நம்மிடம்தான் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். அடுத்த வருடம் அம்மா புனே வந்தபோது அந்த ஃப்ரேம் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். "ஏண்டா, எங்கம்மாவுக்கு மூக்கு ஓரத்துல ஒரு மச்சம் இருக்குமே, எங்க அது?"

பூஞ்சை என்று நினைத்து நான் அழித்த புள்ளிகளில் ஒன்று மச்சம்! ஓடிப்போய் பழைய சிடிக்களைக் கிளறினேன். ஸ்கேன் செய்த கோப்பின் மேலேயே, அதே பெயரில் 'சேவ்' கொடுத்திருக்கிறேன். எத்தனை முறை கொடுத்தேனோ தெரியாது. மூலம் எங்கேயும் இல்லை.

தப்பு என்னுடையதுதான். ஆனாலும் இப்படி ஒரு தப்பைச் செய்ய வழி எப்போது திறந்தது என்ற கேள்வி மண்டையைக் குடைந்தது. அதைத் தேடிப் படித்த கதைதான் இது.

படத்தில் கைவைப்பது கணினியோடு வந்த வழக்கம் என்று நினைத்தால் தவறு. நம்மூர் ஸ்டூடியோக்களில் அதற்கு 'டச்சிங்' என்று பெயர். நெகட்டிவை வெளிச்சத்தின் முன் வைத்து, ஊசிபோல் சீவிய பென்சிலால் முகத்துப் புள்ளிகளின் மேல் மெல்லத் தீட்டுவார்கள். முகத்தில் கறுப்பாக இருக்கும் பரு நெகட்டிவில் வெளிறித் தெரியும். அங்கே பென்சில் பட்டால் பிரிண்டில் பரு காணாமல் போகும். அந்தக் காலத்து மாப்பிள்ளைகளுக்கு அம்மைத் தழும்பு தெரியாமல் பெண்வீட்டுக்குப் படம் போனது இப்படித்தான். ஆனால் இருட்டறையில் நடந்த வேலைகளில் பெரும்பாலானவை நெகட்டிவைத் தொடாதவை. ஓரிடத்தில் வெளிச்சம் குறைய வேண்டுமா, கம்பி முனையில் ஒட்டிய அட்டையைக் குறுக்கே ஆட்டுவார்கள். கூட வேண்டுமா, கையைக் குவித்து அந்த இடத்தில் மட்டும் ஒளி விழ வைப்பார்கள். சொதப்பினால் போவது ஒரு தாள்தான். நெகட்டிவ் அப்படியே இருக்கும்.

இனி கணினிக் கதை. 1957ல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர் தன் மூன்று மாதக் குழந்தையின் படத்தை ஸ்கேன் செய்து கணினிக்குள் ஏற்றினார். 176க்கு 176 புள்ளிகள், அவ்வளவுதான். 1975ல் கோடக் கம்பெனியில் ஸ்டீவ் சாசன் செய்த டிஜிட்டல் கேமரா ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 வினாடி எடுத்துக்கொண்டது. இவை இரண்டும் முன்னோட்டம்.

மெயின் பிக்சர் 1987ல் தொடங்குகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் நால் என்ற மாணவர் முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருந்தார். அவருடைய மேக் ப்ளஸ் கணினித் திரையில் கறுப்பும் வெள்ளையும் மட்டும்தான் தெரியும், நடுவில் உள்ள சாம்பல் நிறங்கள் தெரியாது. அவற்றைக் காட்ட ஒரு சிறு நிரல் எழுதினார், பெயர் 'டிஸ்ப்ளே'. ஆய்வேட்டை எழுதாமல் தப்பிக்க ஒரு சாக்கு என்றுகூடச் சொல்லலாம் (நமக்குத் தெரியாத வியாதியா?). அவருடைய சகோதரர் ஜான் நால், ஸ்டார் வார்ஸ் புகழ் இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக்கில் வேலை. அவர் இதைப் பார்த்துவிட்டு, இது செய்ய முடியுமா, அது செய்ய முடியுமா என்று கேட்டுக்கொண்டே இருக்க, தாமஸ் எழுதிக்கொண்டே இருந்தார். ஜானின் பின்னாள் மனைவி ஜெனிஃபர் போரா போரா கடற்கரையில் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் படம்தான் அவர்கள் எல்லோருக்கும் செய்துகாட்டப் பயன்படுத்தியது.

இந்தச் சகோதரர்களின் அப்பா பேராசிரியர். வீட்டின் அடித்தளத்தில் சொந்தமாக இருட்டறை வைத்திருந்தவர். பிள்ளைகள் அங்கேதான் தொழில் கற்றார்கள். அதனால்தான் ஃபோட்டோஷாப்பில் 'டாட்ஜ்' கருவிக்குப் படமாக அந்தக் கம்பி முனை அட்டையும், 'பர்ன்' கருவிக்குக் குவித்த கையும் இருக்கின்றன. 'அன்ஷார்ப் மாஸ்க்' என்ற விசித்திரப் பெயரும் அங்கிருந்து வந்ததே. மங்கலான ஒரு பிரதியை நெகட்டிவோடு ஒட்டிவைத்துப் பிரிண்டைக் கூர்மையாக்கும் பழைய இருட்டறை வித்தை அது. இவ்வளவும் கணினிக்குள் வந்தன. பெட்டியில் தனியாக இருக்கும் நெகட்டிவ் மட்டும் வரவில்லை.

முதலில் ஒரு ஸ்கேனர் கம்பெனி தன் கருவியோடு சேர்த்துச் சுமார் 200 பிரதிகள் கொடுத்தது. 1988ல் அடோபி கைநீட்டியது. 1990 பிப்ரவரியில் ஃபோட்டோஷாப் 1.0 மேக் கணினிக்கு மட்டும் வெளியானது. செய்ததைத் திரும்பப்பெற அதில் ஒரே ஒரு 'அன்டூ'. இரண்டு தப்பு செய்தால் முதல் தப்பு நிரந்தரம். அடுக்கடுக்காக வேலை செய்யும் 'லேயர்' வசதி 1994ல்தான் வந்தது. ஒளியையும் நிறத்தையும் அடியில் உள்ள படத்தைத் தொடாமல் மாற்றும் 'அட்ஜஸ்ட்மென்ட் லேயர்' 1996ல். செய்த ஒவ்வொரு படியையும் பட்டியலிடும் 'ஹிஸ்டரி' 1998ல். 2006ல் இதெல்லாம் உலகத்தில் இருந்தன. நான்தான் ஜேபெக் கோப்பைத் திறந்து, நேராக அதன்மேல் ரப்பர் போட்டுக்கொண்டிருந்தேன். ஜேபெக் என்பது ஒவ்வொரு முறை மாற்றிச் சேமிக்கும்போதும் கொஞ்சம் நுணுக்கத்தைத் தின்றுவிடும் வடிவம் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

நடுவில் ஒரு சொந்தப் பெருமை. ஃபோட்டோஷாப் திறக்கும்போது மின்னி மறையும் பெயர்ப் பட்டியலில் சீதாராமன் நாராயணன் என்று ஒரு பெயர் வருடக்கணக்காக வந்துகொண்டிருந்தது. பெரிய நிரல் மெதுவாகத் திறக்கும். அந்த இடைவெளியில் உலகெங்கும் டிசைனர்கள் உச்சரிக்கத் தெரியாமல் அந்தப் பெயரையே வெறித்துக்கொண்டிருப்பார்கள். யார் இவர் என்று கேட்டு ஒரு ரசிகர் கூட்டமே உண்டானது. நம் வீடுகளில் மட்டும் அதைச் சுலபமாகப் படித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனோம்.

காசு கொடுக்க மனமில்லாதவர்களுக்கு (எங்கள் குடியிருப்பில் எல்லோரும்) 1996ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இரண்டு மாணவர்கள் வெளியிட்ட கிம்ப் இருந்தது. ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மேட்டிஸ். அதன் ஜன்னல்களும் பொத்தான்களும் மூன்றாகப் பிரிந்து திரையெங்கும் மிதந்து உயிரை வாங்கும். ஒரே ஜன்னலாகச் சேர்வதற்கு 2012 வரை காத்திருந்தோம். அடுக்கின் கீழுள்ள படம் மாறாமல் ஃபில்டர் போடும் வசதி 2025ல் வந்த 3.0 பதிப்பில்தான் கிடைத்தது.

ஆனால் நம் குடும்பங்களில் படத் திருத்தத்தைப் பழக்கியது பிக்காசா. 2004ல் கூகுள் வாங்கி இலவசமாக்கியது. அதில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன விஷயம்: திருத்தங்களைத் தனியே ஒரு குறிப்புக் கோப்பில் எழுதிக்கொள்ளும், நீங்கள் 'சேவ்' அழுத்தினால்கூட மூலப் படத்தை ஒரு மறைவான ஃபோல்டரில் எடுத்துவைத்துவிடும். அந்த இரண்டு ராத்திரியும் நான் அதில் உட்கார்ந்திருந்தால் அம்மாச்சி மச்சத்தோடு இருந்திருப்பார். 2016ல் அதை நிறுத்திவிட்டார்கள்.

தொழில்முறைக்காரர்கள் பக்கம் நெகட்டிவ் வேறு வழியாகத் திரும்பி வந்தது. கேமராவின் சென்சார் பார்த்ததை அப்படியே எழுதிவைக்கும் 'ரா' கோப்பு. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள் என்றால் 14 பிட் ராவில் 16,384. ஒவ்வொரு கம்பெனியும் தன் வடிவத்தை ரகசியமாக வைத்துக்கொண்டபோது, டேவ் காஃபின் என்ற தனிமனிதர் 1997லிருந்து ஒவ்வொன்றாக உடைத்து டிசிரா என்ற சிறு நிரலில் சேர்த்துக்கொண்டே வந்தார். 2003ல் அதே தாமஸ் நால் ஃபோட்டோஷாப்புக்குள் கேமரா ராவை எழுதினார். 2005ல் ஆப்பிளின் அப்பெர்ச்சர், 2007ல் அடோபியின் லைட்ரூம். இவை படத்தைத் தொடுவதே இல்லை. 'இவ்வளவு வெளிச்சம், இவ்வளவு நிறம்' என்று சமையல் குறிப்பு மட்டும் எழுதும்.

சிக்கல் என்னவென்றால், ஒரு வீட்டுக் குறிப்பு அடுத்த வீட்டு அடுப்புக்குச் சரிப்படாது. 2014ல் ஆப்பிள் அப்பெர்ச்சரை விட்டுவிடுவதாக அறிவித்தது. மூலப் படங்களை எடுத்துக்கொண்டு வேறிடம் போகலாம், செய்த திருத்தங்களைக் கொண்டுபோக முடியாது. 2013லிருந்து அடோபியும் புதிய ஃபோட்டோஷாப்பை விற்பதை விட்டு வாடகைக்கு விட ஆரம்பித்தது. வாடகை வீட்டில் ஆணி அடிக்கிறவர்களின் கவலை புலம்பெயர்ந்த நமக்குத் தெரியாததா?

ஆகையால் இப்போது வெற்றிலைத் தட்டைச் சுற்றிக் கேட்பவர்களிடம் முதலில் நானும் ஒரு கேள்வி கேட்கிறேன்: சாஃப்ட்வேர் இல்லாமல் போனால் உங்கள் கையில் என்ன மிஞ்சும்? பழைய படமென்றால் ஸ்கேனை டிஃப் வடிவில் வாங்குங்கள், 'மூலம்' என்று ஒரு ஃபோல்டரில் போட்டுப் பூட்டுங்கள், ஊரிலும் ஒரு பிரதி இருக்கட்டும். அப்புறம் கிம்ப் போதும், பொறுமைதான் வேண்டும். ராவில் எடுப்பவர்களுக்கு டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம். முதல் வாரம் தலைவலிக்கும். வாராவாரம் நூற்றுக்கணக்கில் எடுக்கிறவர்கள் லைட்ரூம் வாடகையைக் கொடுத்துவிடலாம், நேரம் மிச்சம். எதில் செய்தாலும் பிடித்த படங்களை முழு அளவில் தனிக் கோப்பாக வெளியே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். புள்ளிகளை அழிக்கும் முன் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாச்சியின் படத்தில் மச்சத்தைத் திரும்ப வைத்துவிடலாம் என்று போன வருடம் உட்கார்ந்தேன். மூக்குக்கு இடதுபுறம் என்றார் அம்மா. உறுதிப்படுத்திக்கொள்ளத் திருச்சியில் இருக்கும் பெரியம்மாவுக்குப் போன் போட்டால், "அவளுக்கு என்ன தெரியும், சின்னப் பொண்ணு. வலது பக்கம்டா" என்கிறார். இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள், இருவரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. அதனால் கோப்பில் இரண்டு லேயர் வைத்திருக்கிறேன், இடது ஒன்று, வலது ஒன்று. அம்மா வரும்போது ஒன்றைத் திறந்து பிரிண்ட் போட்டு மாட்டுகிறேன். பொங்கலுக்குப் பெரியம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறார்.