தென் இத்தாலியின் பழங்கொடிகள்

பண்டைக் கிரேக்கர் தென் இத்தாலியின் ஒரு பகுதியை ‘ஈனோத்ரியா’ என அழைத்தனர். அப்பெயரைத் திராட்சைக் கொடியோடு பொருத்திப் பொருள் கூறுவர் அறிஞர். பின்னர், உரோமர் காலத்தில், கம்பானியாவின் பலேர்னியன் மது பெரும்புகழ் எய்தியது. திராட்சை வகைகளைப் பற்றி விரிவாக எழுதிய மூத்த பிளினி, கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை சீறியபோது உயிர்நீத்தார்.

எரிமலை மண் படிந்த தவுராசிக் குன்றுகளிலும் வுல்தூரே மலைச்சரிவிலும் ‘அல்யானிகோ’ என்னும் கருந்திராட்சை விளைகிறது. அவெல்லினோவுக்குப் ‘பியானோ’, தூபோ ஊருக்குக் ‘கிரேக்கோ’, புலியாவுக்குப் ‘பிரிமிதீவோ’ என ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு கொடி உண்டு.

19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவினின்று வந்த பில்லாக்சிரா என்னும் சிறு பூச்சி ஐரோப்பியக் கொடிகளின் வேரைத் தாக்கி அழித்தது. அமெரிக்கக் கொடியின் வேர்த்தண்டில் தம் கொடியை ஒட்டுக்கட்டி உழவர் தப்பினர். ஆயினும், மறுநடவின்போது மிகுதியாகக் காய்க்கும் வகைகளையே பலர் நாடினர். தெற்கின் மதுவோ, வடநாட்டு மதுவுக்கு நிறமும் வலிவும் ஊட்டுதற்பொருட்டுப் பெயரின்றியே அனுப்பப்பட்டது. பெயர் மறைந்த பயிரைப் பேணுவார் யார்?

இரண்டாம் உலகப் போருக்குப் பின், அவெல்லினோப் பகுதியில் அந்தோனியோ மஸ்த்ரோபெரார்தினோ என்பவர் பழங்கொடிகளையே விடாது வளர்த்தார். 1993-இல் தவுராசி மதுவும், 2003-இல் பியானோ, கிரேக்கோ மதுக்களும் இத்தாலிய அரசின் முதல்தர உரிமை பெற்றன.

பிரிமிதீவோவும் கலிபோர்னியாவின் ஜின்பண்டலும் குரோவேஷியக் கடற்கரையில் அருகி நின்ற ஒரு பழங்கொடியும் ஒன்றே என 2001-இல் மரபணு ஆய்வு காட்டிற்று. அவ்வூரார் அச்சில கொடிகளை வெட்டியெறிந்திருப்பின், இவ்வுண்மை வெளிப்பட்டிராது.