குரங்கும் கணக்குப்பிள்ளையும்

ஜோசியத்தில் பலித்ததுதான் நமக்கு ஞாபகத்தில் நிற்கும். ஆல்ஃபிரட் கௌல்ஸ் என்ற அமெரிக்கர் பலிக்காததையும் சேர்த்து எழுதினார். பங்கு ஆலோசனை சொல்லும் 16 நிறுவனங்கள் 1928 முதல் 1932 வரை கொடுத்த ஏறத்தாழ 7,500 பரிந்துரைகளுக்கு ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டு, 1933-இல் வெளியிட்டார். சராசரியாகச் சந்தையைவிட வருடத்துக்கு 1.43 சதவீதம் குறைவு. காசு கொடுத்து வாங்கின ஆலோசனை!

1973-இல் பர்ட்டன் மால்கீல் இன்னும் சீண்டினார்: கண்ணைக் கட்டிய குரங்கு பேப்பரில் டார்ட் எறிந்து பங்கு பொறுக்கினாலும் நிபுணருக்குச் சமமாக வரும் என்றார். 1988-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் அதையே போட்டியாக்கியது. குரங்குக்குப் பதில் பத்திரிகை ஊழியர்கள் எறிந்தார்கள். 1998-இல் நூறு போட்டி முடிந்தபோது நிபுணர்கள் டார்ட்டை 61 தடவை ஜெயித்திருந்தார்கள். டவ் ஜோன்ஸ் குறியீட்டை 51 தடவை.

குரங்கு தோற்றுவிட்டதா? ஆராய்ச்சியாளர்கள் விதிகளைப் புரட்டினார்கள். நிபுணர் சொன்ன பங்கு பேப்பரில் வந்ததுமே விலை ஏறும். அந்த ஏற்றமும் அவர் கணக்கில் சேர்ந்தது. டிவிடெண்ட் சேரவில்லை. அவர்கள் எடுத்தவை ரிஸ்க் அதிகமான பங்குகள் வேறு. இதையெல்லாம் கழித்தால் அந்த 61-க்குப் பெரிய மரியாதை மிஞ்சவில்லை.

எனக்கு இது ஏட்டுச் சங்கதி இல்லை. வ. புதுப்பட்டி பசங்க ஒன்பது பேர் ஆன்லைனில் வருடாவருடம் ஒரு போட்டி நடத்துகிறோம். ஆளுக்கு ஐந்து பங்கு, பணம் போடுவதில்லை, ஜெயித்தவனுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஒரு கிலோ. கூகுள் ஷீட் என் பொறுப்பு. ராஜபாளையம் பாசத்தில் ராம்கோ சிமெண்ட்ஸ் எடுக்க எப்போதும் இரண்டு பேர் உண்டு. ஒருவன் வைத்திருந்த பங்கு 1:1 போனஸ் கொடுத்த அன்று விலை பாதியாகி, ஷீட்டில் அவன் கடைசி இடத்துக்குப் போய்விட்டான். உண்மையில் ஒரு பைசா நஷ்டமில்லை. கோல் இந்தியா எடுத்தவன் கேட்டதுதான் நியாயமான கேள்வி: "மாப்ள, டிவிடெண்ட் என்ன உங்கப்பன் வீட்டுக் காசா, ஏன் சேர்க்க மாட்ற?" சேர்த்தோம். முதல் இடம் மாறியது. பங்காளிச் சண்டை இரண்டு நாள் ஓடியது.

இதே சண்டையில் நம் நாட்டில் நிஜப் பணம் இருந்தது. பத்திரிகைகளில் நாம் பார்க்கும் நிஃப்டியில் டிவிடெண்ட் கிடையாது. மியூச்சுவல் ஃபண்டின் என்.ஏ.வி.யில் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்து 'சந்தையை வென்றோம்' என்று ஃபண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தன. ஓட்டத்தில் ஒருவனை மட்டும் நாலடி முன்னால் நிறுத்துவது மாதிரி. டிவிடெண்டையும் சேர்த்த குறியீட்டோடுதான் ஒப்பிட வேண்டும் என்று செபி கட்டாயமாக்கியது 2018 பிப்ரவரி 1 முதல். அதற்கு முந்தைய விளம்பரம் ஏதாவது கண்ணில் பட்டால், எந்த நிஃப்டியோடு ஒப்பிட்டிருக்கிறார்கள் என்று அடியில் இருக்கும் பொடி எழுத்தில் தேடிப் பாருங்கள்.